இரண்டு மேரிகளும் ஏழு அழகிகளும்

எழுவைதீவு
12.01.2025

என் பிரியமான மச்சாள் நிலாவுக்கு,

மாதாவின் கிருபையால் உன் அண்ணையும் நானும் மகன் டிலோனும் இங்கே சுகம். உன் முழங்கால் நோ எப்படி? உன் மனுசன் வின்சன்ற் அண்ணைக்குச் சீனி இறங்கியதா?

ஞாயிறு தோறும் வீடியோவில் முகம் பார்க்கிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் கதைத்தால் டிலோன் கேட்கிறான், பக்கத்து வீட்டு அல்போன்சம்மா மாமி வேலிக்கு மேலால் கேட்கிறா. இது ஒருவரும் கேட்கக் கூடாத கதை. சிரிக்காமல் வாசி.

ஊர்காவற்றுறையில் ஒரு சீடிக் கடையை மூடினார்கள். உன் அண்ணை ஒரு உரப்பை நிறையச் சீடி வாங்கிக்கொண்டு வள்ளத்தில் வந்திறங்கினார். கருவாடு காயப் போடுகிற கயிற்றில் கட்டிவிட்டால் வெயிலுக்கு மினுங்கும், காகம் கிட்ட வராது என்று யாரோ சொன்னார்களாம். நூல் கோக்கிற வேலை என் தலையில். ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துக்கொண்டு போனால் ஒரு சீடியின் மட்டையில் ஏழு பெட்டையள், பாதி உடுப்போடு, கம்பிக்குப் பின்னால் நிற்கிறார்கள். முன்னால் ஒருத்தி சவுக்கோடு. பெயர் 'இரும்புக் கூட்டில் ஏழு அழகிகள்'. ஏதோ வெளிநாட்டுப் படம், இந்தியத் தமிழில் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

என்ர மாதாவே, நான் அதைக் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். சீடிப் பெட்டியில் போட்டுப் பார்த்துவிட்டேன். பிறகு உரப்பையைக் கிண்டினால் அதே மாதிரிப் பெண்கள் சிறையில் கிடக்கிற மறியல் படம் இன்னும் பத்து. உன் அண்ணை கடலால் வந்து மத்தியானம் நித்திரை கொள்கிற நேரம் பார்த்து ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. காகங்களுக்கு இப்போது கோயில் பாட்டுச் சீடிகள் மட்டும்தான் மினுங்குகின்றன.

மனம் கேட்காமல் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "ஆகாத படம் பார்த்தனான், சுவாமி." "எத்தினை தரம்?" "பதினொண்டு." உள்ளே ஒரு இருமல். "மூண்டு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கோ." மூன்றையும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து முதல் படத்தைத் திரும்பப் போட்டேன். நீ பாரிசில் இருக்கிறாய், உலகம் தெரிந்தவள். இது என்ன விசர் என்று நீ சொல்லு.

முக்கியமான கதை கடைசியில். டிலோனுக்கு நாரந்தனையில் பெண் சரிவந்துவிட்டது. ஒக்டோபர் பதினொன்று கலியாணம். அவனுக்கு நீ ஒரே மாமி. இருபத்தேழு வருசமாக இந்த மண்ணை மிதிக்காதவள் இந்த முறை வந்தேயாக வேண்டும்.

காகம் கலைக்கும் உன் மச்சாள்
சுகந்தி

பாரிஸ்
04.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் எல்லாரின் சுகமும் அறிந்து சந்தோசம். இங்கே நல்ல குளிர். முழங்கால் படி ஏறும்போது மட்டும் அழுகிறது. இவருக்குச் சீனி அப்படியேதான், வாய் கட்டுகிற ஆள் இல்லையே.

கடிதத்தை வேலைக்குப் போகிற ரயிலில் வாசித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மச்சாள், கோபிக்க வேண்டாம். அந்தப் படங்கள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். பெண்களை அடிக்கிறதையும் குளிக்கிறதையும் ஆம்பிளையளுக்குக் காட்டிக் காசு பார்க்கிற படங்கள். உலகத்தில் யார் பார்த்தாலும் நீர் எப்படிப் பார்க்கிறீர்? பதினாலு மாதம் மறியலில் இருந்துவிட்டு வந்த ஆளல்லவா நீர்!

அந்தக் கதையை எங்கள் வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லை. என் பயணத்துக்குத் துணையாகத்தான் நீர் கொழும்புக்கு வந்தீர். லொட்ஜில் பொலிஸ் செக்கிங் வந்தபோது உம்மைப் பிடித்தார்கள். எங்கள் ஊரில் பெட்டை பிறந்தால் முதலில் மேரி, பிறகுதான் மற்றப் பெயர். நீர் மேரிசுகந்தி, நான் மேரிநிலாந்தி. யாரோ எழுதிக் கொடுத்த துண்டில் மேரி என்று இருந்ததாம், பேர் மாறிப் பிடித்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னா. அதோடு அந்தக் கதை முடிந்தது. நீர் கன்னியர் மடத்தில் தையல் படிக்கிறீர் என்று ஊருக்குச் சொன்னார்கள். நான் அந்த வியாழக்கிழமையே பிளேன் ஏறிவிட்டேன்.

அதை ஏன் கிளறுகிறீர்? மிச்சச் சீடிகளையும் கயிற்றில் கட்டிவிடும்.

கலியாணத்துக்கு வரப் பார்க்கிறேன். லீவு கேட்க வேண்டும்.

உம்மில் அக்கறையுள்ள
நிலாந்தி

எழுவைதீவு
23.02.2025

என் அருமை நிலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வள்ளத்தில் வந்தது. நாங்கள் சுகம். கடல் மட்டும் ஒரு கிழமையாகச் சரியில்லை, உன் அண்ணை வீட்டில் இருந்துகொண்டு என் குசினியைத் திருத்துகிறார்.

எடி, நீ எழுதினது முழுக்கச் சரி. ஆம்பிளையளுக்காக எடுத்ததுதான். குளிக்கிற காட்சி இல்லாமல் ஒரு படமும் இல்லை. அது வந்தால் நான் சிலுவை போட்டுக்கொண்டு பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, யாராவது படலையைத் திறந்தால் ஓடிப்போய் ரீவியை அணைக்கிறேன். ஆனால் நிற்பாட்ட ஏலாமல் இருக்கிறது, அதற்குக் காரணம் நீ நினைக்கிறது இல்லை.

அந்த மறியலைப் பார்த்தாயென்றால் விழுந்து விழுந்து சிரிப்பாய். கம்பியைப் பிடித்து உலுக்கினால் சுவரும் சேர்ந்து ஆடுகிறது. ஆறு மாதம் உள்ளே இருக்கிறவளுக்கு நகத்தில் புதுப் பூச்சு. ஏழு பேரில் ஒருத்தியின் தலையிலாவது பேன் இல்லை! தண்ணிக்கு வரிசை இல்லை. கக்கூசுக்கு வரிசை இல்லை. அதைவிடப் பெரிய பகிடி, அங்கே ஒருத்தியும் காத்திருக்கிறாளில்லை. மறியல் என்றால் காத்திருக்கிறதுதான் நிலா, வேறொன்றும் இல்லை. விடியக் காத்திருக்கிறது, பேர் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறது, அடுத்த வழக்குத் தவணைக்குக் காத்திருக்கிறது. இந்தப் படத்தில் ஐந்து நிமிசத்துக்கு ஒரு சண்டை. சவுக்கு வைத்திருக்கிற அந்தப் பெரிய மேடத்துக்குக் கடைசியில் கன்னத்தில் ஒன்று விழும், இடுப்பில் இருக்கிற கம்பிக் கதவுத் திறப்புக் கோர்வை கீழே விழும், எல்லாரும் ஓடுவார்கள். பதினொரு படத்திலும் விழுந்தது. விழும் என்று தெரிந்தும் ஒவ்வொரு தரமும் நான் கையைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன்.

போன வருசம் கோயில் மண்டபத்தில் இளையோர் சங்கம் ஒரு நல்ல படம் போட்டது. மறியலில் இருக்கிற ஒரு தாயின் கதை, பரிசெல்லாம் எடுத்த படமாம். வாளி ஒன்று சீமெந்தில் இழுபடுகிற சத்தம் வந்தது. நான் எழும்பி வந்துவிட்டேன். உன் அண்ணை வயிற்றுக்குத்தோ என்று கேட்டார், ஓம் என்றேன். அது தெரிந்தவன் எடுத்த படம். இந்த ஏழு அழகிகளை எடுத்தவனுக்கு மறியலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அந்த ஆளுக்கு நான் நன்றி சொல்ல வேணும். அவனுடைய மறியலுக்குள் மட்டும்தான் என்னால் போய்ப் பார்த்துவிட்டுச் சுகமாகத் திரும்பி வர ஏலும்.

லீவு கேட்டாயா? இனிப் 'பார்க்கிறேன்' என்று எழுதாதே.

பேன் இல்லாத தலையோடு
உன் சுகந்தி

பாரிஸ்
20.03.2025

அன்புள்ள மச்சாள்,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

உம்முடைய கடிதம் கிடைத்தது. வாசித்தேன்.

ஒக்டோபரில் லீவு கஷ்டம் போலத் தெரிகிறது. முழங்காலுக்கும் டொக்டர் ஒரு திகதி தருவதாகச் சொன்னார். டிலோனின் பெண்ணுக்கு ஒரு சங்கிலி எடுத்து அனுப்புகிறேன். என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நிலாந்தி

எழுவைதீவு
09.04.2025

அன்பு நிலா,

சுகம், சுகமறிய ஆவல். பெரிய வியாழனுக்கு எட்டு நாள்தான் இருக்கிறது, உன் அண்ணை இறைச்சியை விட்டுவிட்டு மீனை இரண்டு மடங்கு தின்கிறார். தவமாம்.

சங்கிலியை உன் கழுத்தில் போட்டுக்கொண்டு நீ வா, இங்கே கழற்றிக் கொடுக்கலாம். முழங்காலைச் சாக்காகச் சொல்லாதே. உன்னைக் கதிரையோடு தூக்கி வள்ளத்தில் வைக்க நாலு பெடியள் இருக்கிறார்கள்.

சரி, விடு. நீ பார்க்க மாட்டாய், 'ஏழு அழகிகள்' கதையையாவது சொல்கிறேன் கேள்.

தொடக்கத்தில் இரண்டு சிநேகிதிகள் ஒரு ஹோட்டலில் தங்கியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பேர், லிண்டா. சின்ன லிண்டாவுக்கு இன்னும் இரண்டு நாளில் பிளேன். அவள் குளிக்கப் போய்விட்டாள். பெரிய லிண்டா கட்டிலில் இருந்து அவளுடைய சட்டையில் அறுந்து விழுந்த தெறிகளைத் தைக்கிறாள். காவல்காரர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். கையில் ஒரு துண்டு. "லிண்டா யார்?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள். குளிக்கிறவளுக்குத் தண்ணிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, பாவம். கட்டிலில் இருந்தவள் ஊசியைத் தலையணையில் குத்திவிட்டு எழும்புகிறாள்.

பிறகு மறியல். அங்கே புருசனை வெட்டிவிட்டு வந்த ஒரு தடித்த கிழவி. ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதையாத பொம்பிளை. லிண்டாவின் தலை சிக்குப் பிடித்துக் கிடக்கிறதைப் பார்த்துத் தன் சீப்பைக் காலில் வைத்து உடைத்து அரைவாசியைக் கொடுக்கிறாள். ஏழு பல்லுச் சீப்பு. அந்த இடத்தில் நான் ஒவ்வொரு தரமும் அழுவேன்.

பிறகு வழக்கம் போலச் சவுக்கு, குளியல், சண்டை, கன்னத்தில் ஒன்று, திறப்பு, ஓட்டம். நல்ல படம்.

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகளுடன்
சுகந்தி

எழுவைதீவு
28.05.2025

நிலா,

சுகமாக இருக்கிறாயா? போன கடிதம் கிடைத்ததா, இல்லை வள்ளத்தில் நனைந்து போனதா? ஐந்து ஞாயிறாக வீடியோவிலும் உன்னைக் காணவில்லை. வின்சன்ற் அண்ணை "அவ வேலை" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் என்ன வேலையடி உனக்கு?

டிலோனுக்குக் கோட்டுத் தைக்கக் கொடுத்தாயிற்று. கோபமென்றால் நாலு வரியில் திட்டியாவது எழுது.

சுகந்தி

பாரிஸ்
15.06.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு கடிதங்களும் கிடைத்தன. திட்ட என்ன இருக்கிறது.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். இவர் வேலைக்குப் போன பிறகு போனில் தேடினேன். அதே பெயரில், அதே இந்தியத் தமிழில் இருந்தது. முதலில் அருவருப்பாக இருந்தது. ஜன்னல் சீலையை இழுத்துவிட்டுத்தான் இருந்தேன். பிறகு அந்தச் சுவர் ஆடியபோது சிரிப்பு வந்துவிட்டது. மேடத்துக்கு எப்போது விழும் எப்போது விழும் என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். விழுந்தபோது "அடி!" என்று நானே தனிய இருந்து கத்தினேன். உம்முடைய வருத்தம் எனக்கும் தொற்றிவிட்டது. குளிக்கிற காட்சியில் மட்டும் நிறுத்தினேன். அசிங்கம் என்று இல்லை. தண்ணி விழுகிற சத்தத்தைக் கேட்க ஏலாமல் போய்விட்டது.

ஆனால் மச்சாள், அந்தப் படத்தில் ஹோட்டல் இல்லை. படம் தொடங்கும்போதே லிண்டா ஜீப்பில்தான் வந்து இறங்குகிறாள். ஒரே ஒரு லிண்டாதான். இடையில் ஏதும் வெட்டிவிட்டார்களோ என்று நினைத்து முழுவதையும் இன்னொரு தரம் பார்த்தேன். தெறி தைக்கிற பெண் இல்லை. புருசனை வெட்டின கிழவி இல்லை. சீப்பும் இல்லை. எல்லாருக்கும் சலூனுக்குப் போய் வந்த தலை, அவளுகளுக்கு எதற்குச் சீப்பு?

அன்றைக்கு லொட்ஜில் நான் குளித்துவிட்டுப் போட இருந்தது நீலச் சட்டை. வெளியே வந்து பார்க்கும்போது அது கட்டிலில் கிடந்தது. இரண்டு தெறி தைத்து, மூன்றாவதில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி தலையணையில்.

அந்தக் கதையை எனக்கு ஏன் எழுதினீர்?

நிலாந்தி

எழுவைதீவு
05.07.2025

அன்பு நிலா,

நாங்கள் சுகம். சோளகக் காற்றுப் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. கோயில் பாட்டுச் சீடிகள் அறுந்து கடலுக்குப் போய்விட்டன, காகங்களுக்கு நல்ல காலம்.

கள்ளி, நீ பார்க்க மாட்டாய் என்று நினைத்தல்லவா எழுதினேன்! இரண்டு தரம் பார்த்துப் பிடித்துவிட்டாயே.

ஓம், அது படத்தில் இல்லை. அது என்னுடையது. கிழவியின் பேர் சோமாவதி. அவவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. சீப்பை மட்டும் நீட்டினா. அந்த அரைச் சீப்பு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. உன் அண்ணை பழசைக் கழிக்கும்போதெல்லாம் எறியப் பார்ப்பார், நான் விடுவதில்லை. ஏன் என்று அவர் கேட்டதில்லை. இருபத்தேழு வருசத்தில் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நிலா. அதுதான் எனக்குச் சரியான துக்கம். தையல் படித்தேன் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நானும் ஊர் முழுக்கச் சட்டை தைத்துக் கொடுத்தேன். வேறு எப்படிச் சொல்ல? படம் என்று சொன்னால் யாரும் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பேர் மாறிப் பிடித்தார்கள் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். மாறவில்லை. அவர்கள் "மேரி யார்?" என்று கேட்டார்கள். இயக்கப் பெடியளுக்கு நீ கொண்டுபோய்க் கொடுத்த மருந்துப் பார்சல் எனக்குத் தெரியும். உனக்கு வியாழக்கிழமை பிளேன். எனக்குப் போக ஒரு இடமும் இருக்கவில்லை. தெரிந்துதான் எழும்பினேன்.

நீ குளித்துக்கொண்டிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. அதனால் இதை நினைத்து மனதைப் புண்ணாக்காதே. கலியாணத்துக்கு வா, போதும்.

மற்ற மேரி

பாரிஸ்
02.08.2025

சுகந்தி,

சுகம் கேட்டு எழுத இன்றைக்கு என் கை வரவில்லை. அண்ணையைக் கட்டின நாளில் இருந்து உன்னை மச்சாள், நீர் என்று கூப்பிடப் பழகினேன். அதற்கு முதல் நாங்கள் எடி, நீ என்று திரிந்தவர்கள். இதை அந்த நிலாந்தியாக எழுதுகிறேன்.

எனக்குக் கேட்டது.

கதவைத் தட்டினது கேட்டது. சப்பாத்துச் சத்தம் கேட்டது. என்னவென்று கேட்கப் பைப்பைப் பூட்டினேன். "மேரி யார்?" என்றது ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. என்னைத்தான் என்று தெரியும். கையில் சவர்க்காரம் இருந்தது. நான் பைப்பைத் திரும்பத் திறந்துவிட்டேன், சுகந்தி. முழுவதுமாகத் திறந்துவிட்டேன். வாளி நிறைந்து வழிந்து காலடியெல்லாம் ஓடியது. அவர்கள் படி இறங்கிப் போகும் மட்டும் பூட்டவில்லை.

பிறகு உடுப்பை மாற்றினேன். அந்த நீலச் சட்டையைத்தான் போட்டேன், மூன்றாவது தெறி இல்லாமல். அதோடுதான் பிளேன் ஏறினேன்.

இருபத்தேழு வருசமாக லீவு இல்லை, முழங்கால், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை என்று எத்தனை பொய் சொல்லியிருப்பேன். உன் முகத்துக்கு நேரே நிற்கப் பயம், அவ்வளவுதான். நீ எனக்குத் தண்ணிச் சத்தத்தைத் தந்திருக்கிறாய், "பாவம், கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு நான் வரலாம். அண்ணைக்கும் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அப்படி வந்து உன் வீட்டுக் குசினியில் சோறு தின்ன என்னால் ஏலாது.

இதை வாசித்த பிறகும் நான் வரலாமா, சொல்லு. வர வேண்டாம் என்றால் அதையும் எழுது. நீ எதைச் சொன்னாலும் கேட்பேன்.

நிலா

எழுவைதீவு
24.08.2025

எடி நிலா,

முதலில் சுகம் கேட்கப் பழகு. நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், கலியாணத்துக்கு இன்னும் நாற்பத்தெட்டு நாள்தான் இருக்கிறது.

லொட்ஜில் எங்கள் அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்தது பலகைத் தட்டி. அதற்குள்ளால் உன் இருமலே எனக்குக் கேட்கும். பைப் நின்றது எனக்குக் கேட்டது. திரும்பத் திறந்ததும் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எழும்பினேன். நீ வரமாட்டாய் என்று விளங்கிவிட்டது, யாராவது ஒருத்தி போகத்தானே வேண்டும்.

கோபம் இல்லையென்று சொன்னால் பச்சைப் பொய். அந்தப் பதினாலு மாதமும் உன்னை நினைத்துப் பல்லைக் கடித்தேன். வெளியே வந்தும் கன காலம் கடித்தேன். டிலோன் பிறந்தபோது நீ அனுப்பிய உடுப்புப் பார்சலை மூன்று மாதம் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிறகு மார்கழிப் பனிக்குப் பிள்ளைக்குச் சட்டை தேவைப்பட்டது, பிரித்தேன். கோபம் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, எந்த நாளில் முடிந்ததென்று எனக்கே தெரியாது.

உனக்கு எழுதும்போது அந்தப் படத்தில் தண்ணியை வேணுமென்றுதான் ஓடவிட்டேன். கதை சொல்கிறவள் நான், என் விருப்பம். சுவர் ஆடுகிற மறியலில் ஒருத்திக்குக் காது கேளாமல் போனால் என்ன குறைந்துவிடும்? ஆனால் நீயே உண்மையை எழுதிப் பைப்பைப் பூட்டிவிட்டாய். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

வா. சோளகம் அதற்குள் அடங்கிவிடும், உன் அண்ணை ஊர்காவற்றுறைக் கரையில் வள்ளத்தோடு நிற்பார். அந்த நீலச் சட்டை இருந்தால் கொண்டுவா, ஒரு தெறி பாக்கி இருக்கிறது. பதினோராம் திகதி கோயிலால் வந்த பிறகு ஆம்பிளையளை வெளியில் விட்டுவிட்டு இரண்டு பேரும் 'ஏழு அழகிகள்' பார்ப்போம். மேடத்துக்கு விழுகிற இடத்தில் நீ கத்து, நானும் கத்துகிறேன்.

இங்கே தண்ணி அருமை, குளிக்கப் போனால் பைப்பை இறுக்கிப் பூட்டு. நான் வெளியில் நின்று "மேரி யார்?" என்று கேட்பேன். உடனே வெளியே வா.

உன் சுகந்தி